நலமா என்னும் வினா

கடிதம் எழுதப் புகுவோர், ‘இங்கு யாவரும் நலம், அங்கு உங்கள் நலமறிய அவா’ என்று தொடங்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்து வந்தது. காய்ச்சலில் படுத்திருந்தவரும் இவ்வாறே எழுதினார். கடன்காரருக்கு அஞ்சி வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தவரும் இவ்வாறே எழுதினார். நலம் என்பது உடம்பைப் பற்றிய சொல்லா, மனத்தைப் பற்றிய சொல்லா, குடும்பத்தைப் பற்றிய சொல்லா என்று எழுதியவரும் எண்ணவில்லை, படித்தவரும் கேட்கவில்லை. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளாக மருத்துவ உலகம் இந்த வினாவைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு மனிதருடைய நலத்தை அளந்து காண இயலுமா என்று ஆராய்ந்து வருகிறது. வாழ்க்கைத் தர ஆராய்ச்சி என்பது அதன் பெயர். இந்த ஆராய்ச்சி வளர்ந்த வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. அதற்கு முன்கதை என்று சொல்லத்தக்க ஒன்று தாம்பரத்தில் தொடங்குகிறது.

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தெற்கே செல்லும் மின்சார ரயில், தாம்பரத்தை அடைவதற்கு முன் நிற்கும் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். நாள்தோறும் அங்கு ஏறி இறங்குவோரில் பலர் அதை ஓர் ஊரின் பெயர் என்றே எண்ணியிருக்கக் கூடும். உண்மையில் அது காசநோய் மருத்துவமனையின் பெயர். டாக்டர் சௌரி முத்து என்பவர் 1928-ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினார். அதற்கு முன்னர் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளின் நடுவே ஒரு சானடோரியம் நடத்தி வந்தார். கணித மேதை இராமானுஜன் நோயுற்றுச் சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றது அங்கேதான். தாம்பரத்து நிலையத்தை 1937-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

அக்காலத்தில் காசநோயின் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. தூய காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு ஆகிய இவையே சிகிச்சை. ஆதலால் நோயாளி நகரத்தை விட்டு விலகி, மரங்கள் அடர்ந்த இடத்தில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் படுத்திருக்க வேண்டியதாயிற்று. சம்பாதிக்கும் கை கட்டிலில் கிடந்தால் வீட்டில் உலை வைப்பது எங்ஙனம்? நோயுற்றவள் தாயானால் குழந்தையை யார் பார்ப்பது? உடல் தேறுவதற்காகக் குடும்பம் பிளவுபட்டது. இதனை அன்று ஒருவரும் குறையாகக் கூறவில்லை. வேறு வழி இருந்தால்தானே கூறுவது?

வேறு வழியும் பிறந்தது. 1944-இல் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோநியாசிடும் மருத்துவர் கைக்கு வந்தன. ஆனால் நம் நாட்டு நோயாளிகளின் தொகையோடு ஒப்பிட்டால் மருத்துவமனைப் படுக்கைகள் மிகச் சிலவே. ஏழையின் குடிசையிலேயே அவனை வைத்து மருந்து கொடுத்தால் நோய் தீருமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை காண, 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடிச் செய்த வேலை இது. நகரத்தின் நெருக்கமான பகுதிகளில் வாழ்ந்த 193 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். யார் எந்தப் பிரிவு என்பதை எவருடைய விருப்பமும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையே தீர்மானித்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மற்றவர் தம் வீட்டிலேயே, இருந்த உணவை உண்டு, இருந்த இடத்தில் படுத்தனர். இருவர்க்கும் ஒரே மருந்துகள்; காலம் ஓராண்டு.

1959-இல் முடிவுகள் வெளிவந்தபோது உலகமே வியந்தது. சானடோரியத்தில் இருந்தோர் எடை மிகுதியாகக் கூடியிருந்தனர் என்பது உண்மை. ஆயினும் நோய் தணிந்தோரின் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. ஐந்தாண்டுக்குப் பின்னர்ப் பார்த்தபோதும் அவ்வாறே இருந்தது. நோயாளியோடு ஒரே அறையில் வாழ்ந்த குடும்பத்தாருக்கு, அவர் வீட்டில் இருந்த காரணத்தால் கூடுதலான தொற்று நேரவும் இல்லை. காசநோய்ச் சிகிச்சையைக் குடும்பத்தின் நடுவே கொண்டுவந்து வைத்தது சென்னையில் நடந்த இந்த ஆராய்ச்சியேயாகும். பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஆய்வு எதனை அளந்தது? சளியில் கிருமி உண்டா, எக்ஸ்-ரே படத்தில் நுரையீரல் எப்படி, உடல் எடை என்ன என்பவற்றை அளந்தது. கிருமியை வெல்லப் புறப்பட்டவர்களிடம் வேறொன்றை எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 1948-இலேயே, உடல், மனம், சமூக உறவு மூன்றும் செம்மையாக இருத்தலே நலம், நோயின்மை மட்டும் நலமாகாது என்று தன் சாசனத்தில் எழுதிவைத்திருந்தது. எழுதியதை அளக்கக் கருவிதான் இல்லை.

அக்கருவியைச் செய்யும் வேலை 1991-இல் தொடங்கியது. உலகெங்கும் 15 நகரங்களில் அது நடந்தது. அவற்றுள் இந்திய நகரங்கள் இரண்டு: புதுடில்லியும் சென்னையும். வேறு நாட்டார் எழுதிய வினாத்தாளைப் பிறகு தமிழாக்கியது அன்று. தொடக்கத்திலிருந்தே தமிழ் பேசுவோரும் அதில் பங்கு கொண்டனர். நோயாளிகள், நலமாக இருப்போர், மருத்துவப் பணியாளர் ஆகியோரைத் தனித்தனிக் குழுவாக அமர்த்தி, உங்கள் வாழ்வில் எவை முக்கியம் என்று பேச வைத்தார்கள். அந்தப் பேச்சிலிருந்தே வினாக்கள் பிறந்தன. வாழ்வின் 24 கூறுகள், கூறு ஒன்றுக்கு நான்கு வினா, பொதுவாக நான்கு, ஆக நூறு. உடல் வலி, தூக்கம், தன்னம்பிக்கை இவற்றோடு, பணம், வீடு, போக்குவரத்து, பிறர் துணை ஆகியவையும் அதில் உண்டு. பின்னர் இதன் சுருக்கமாக 26 வினாக்கள் கொண்ட படிவமும் வந்தது.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் செல்ல எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம், ஓரளவு, மிகவும் என்று நாம் விடை சொல்கிறோமே, அவற்றுள் எது எவ்வளவு? பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டை வரைந்து, ஒரு முனை ‘சிறிதும் இல்லை’, மறுமுனை ‘முழுமையாக’ என்று வைத்து, இடைப்பட்ட ஒவ்வொரு சொல்லும் எங்கே நிற்கும் என்று அந்தந்த மொழி பேசும் மக்களையே குறிக்கச் சொன்னார்கள். கால், அரை, முக்கால் பங்கு தூரத்தில் விழுந்த சொற்களே விடைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. மொழியை இவ்வளவு மதித்த அளவைமுறை வேறு உண்டோ, நான் அறியேன்.

இவ்வளவும் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். தாம்பரத்தின் பிற்காலக் கதையே விடை கூறும். 1993 முதல் அம்மருத்துவமனை எச்.ஐ.வி. நோயாளிகளை ஏற்றுக்கொண்டது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசக் கூட்டுமருந்து வழங்கத் தொடங்கிய முதல் எட்டு மையங்களுள் ஒன்று அது. மருந்து கிடைக்குமுன் அந்நோயாளி குறித்த வினா, இவர் எத்தனை நாள் இருப்பார் என்பது. மருந்து கிடைத்த பின், இத்தனை ஆண்டும் இவர் எப்படி இருப்பார், யாரோடு இருப்பார் என்பதே வினாவாயிற்று. இதற்கு எக்ஸ்-ரே விடை சொல்லாது.

முதுமையும் அத்தகையதே. தமிழ்நாட்டில் 60 வயது நிறைந்தோர் 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்தனர். 2021-க்கான மதிப்பீடு 13.6 விழுக்காடு. நாட்டில் கேரளத்துக்கு அடுத்த இடம் நம்முடையது. குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர்ப் பகுதிகளில் மாலையில் நடந்து பாருங்கள். முன்னாளில் உத்தியோகத்திலிருந்தபோது மனை வாங்கிக் கட்டிய வீடு, மாமரம், திண்ணையில் இருவர், பிள்ளைகள் வெளிநாட்டில். பல்லாவரம் முதலிய நகராட்சிகளை இணைத்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது. ஊர் பெருத்தது, வீடு சுருங்கியது.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடி என்பதையும் மறக்கலாகாது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978-இலேயே இதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் 2024-இல் முதியோருக்கெனத் தேசிய மருத்துவமனையும் திறக்கப்பட்டது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தின்கீழ்ப் பணியாளர் இரத்த அழுத்த மருந்தையும் நீரிழிவு மருந்தையும் வீட்டிற்கே கொண்டு வருகின்றனர். படுக்கையில் கிடப்போருக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே நடைபெறுகிறது. சேத்துப்பட்டு ஆராய்ச்சியின் வழித்தோன்றல் என்றே இதனைக் கருதுகிறேன்.

எனினும் வீட்டிலேயே சிகிச்சை என்று நாம் சொல்லும்போது, அந்த வீட்டில் அதனைச் செய்பவர் யார் என்று கேட்பதில்லை. பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். நினைவிழந்த மாமியாரை இரவில் நான்கு முறை எழுப்பி உட்கார வைப்பவளுடைய தூக்கம் எந்தப் படிவத்தில் பதிவாகிறது? உண்மையில் இதற்கும் கருவி உண்டு. அமெரிக்க அறிஞர் சாரிட் வகுத்த 22 வினாக்கள், உடனிருப்போரின் சுமையை அளக்கின்றன: உனக்கென்று நேரம் கிடைக்கிறதா, உன் உடல்நலம் கெட்டதா, இவ்வேலையை வேறு யாரிடமேனும் விட்டுவிட விரும்பினாயா என்ற போக்கில் அவை அமைந்தவை. மறதி நோயைப் பற்றிச் சென்னையிலும் வேலூரிலும் நடந்த ‘பத்து-அறுபத்தாறு’ என்னும் பன்னாட்டு ஆய்வில், முதியவரோடு, அவரை நன்கறிந்த ஒருவரும் தனியே விசாரிக்கப்பட்டார். தனியே என்ற சொல் இங்கு முக்கியம். நம் வீடுகளில் மாமியாரின் கட்டிலருகே நின்றுகொண்டு, ‘உங்களுக்கு இதில் சிரமம் உண்டா அம்மா?’ என்று மருமகளைக் கேட்டால், ‘எனக்கென்ன குறை?’ என்பதே விடையாக வரும். வாசற்படி வரை வழியனுப்ப வரும்போது மீண்டும் கேட்டால், சில சமயம் அரைமணி நேரம் பேசுவார்.