முதலில் ஆக்சிஜன், பிறகு இரும்பு

திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை வாசலில் நின்று பாருங்கள். சுழலும் உருக்குத் தண்டிலிருந்து நீலம் பாய்ந்த சுருள்கள் சூடாக உதிரும். அந்த இரும்பு சுரங்கத்தில் கிடைத்தது. ஆனால் உண்டானது பூமி பிறப்பதற்கு முன்பே, வெடித்துச் சிதறிய விண்மீன்களில். அதை விளக்கும் கணக்கைப் போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர்.

1930இல் கேம்பிரிட்ஜில் படிக்கக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு அப்போது வயது 19. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனை வெள்ளைக் குள்ளன் என்பார்கள். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை சேர்ந்தால் அதனால் தன் எடையையே தாங்க முடியாது என்று அவர் கணக்கிட்டார். 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு வெள்ளைக் குள்ளன் பக்கத்து விண்மீனிடமிருந்து வாயுவை இழுத்து அந்த வரம்பை நெருங்கினாலும், இன்னொரு வெள்ளைக் குள்ளனோடு மோதினாலும் அது மொத்தமாக வெடித்துவிடும். வெடிப்பில் உருவாகும் நிக்கல் முதலில் கோபால்ட்டாகவும் பிறகு இரும்பாகவும் மாறுகிறது. சூரியக் குடும்பத்து இரும்பில் பாதிக்கும் மேல் இப்படி வந்ததுதான்.

ஆக்சிஜனின் வழி வேறு. சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் கனமான விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளிலேயே வெடித்து அதை வாரி இறைக்கின்றன. வெள்ளைக் குள்ளன்கள் வெடிக்கவோ பல கோடி முதல் நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் வரை ஆகும். அதனால் ஒரு கேலக்ஸியில் முதலில் ஆக்சிஜன் பெருகுகிறது. இரும்பு தாமதமாகவே சேர்கிறது. விண்மீனில் இவ்விரண்டின் விகிதத்தை அளந்தால், அது கேலக்ஸி வரலாற்றின் எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று கணிக்கலாம்.

இரண்டு வகை வெடிப்பையும் ஒரே சுருள் கேலக்ஸியில் நம் காலத்திலேயே பார்த்துவிட்டோம். சப்தரிஷி மண்டலத் திசையில், சுமார் 2.1 கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பது எம்101. அங்கே 2011 ஆகஸ்டில் ஒரு வெள்ளைக் குள்ளன் வெடித்தது தெரிந்தது. 2023 மே மாதத்தில் கனமான விண்மீன் ஒன்று வெடித்தது. இரண்டாவதை லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள தொலைநோக்கியும் பின்தொடர்ந்தது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அந்தத் தொலைநோக்கி சந்திரசேகரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இப்படிச் சேரும் தனிமங்கள் கேலக்ஸி முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. புதிய விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகங்களின் நிறமாலையில், 500.7 நானோமீட்டரில் ஆக்சிஜன் பளிச்சென்று ஒரு பச்சைக் கோடு போடும். அதை ஹைட்ரஜன் கோடுகளோடும் வாயுவின் வெப்பநிலையோடும் வைத்துப் பார்த்தால் ஆக்சிஜனின் அளவு கிடைக்கும். மையத்திலிருந்து விலகிப் போகப் போக அது குறைவதை 1971இல் லெனர்ட் சியர்ல் பல சுருள் கேலக்ஸிகளில் காட்டினார். எம்101இன் வெளிக்கரங்களில் அது மையத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. விண்மீன்கள் நெருக்கமாகப் பிறந்து மடியும் உட்பகுதியில் தனிமங்கள் வேகமாகச் சேர்கின்றன. வெளியே அந்த வேலை மெதுவாக நடக்கிறது.

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். சூரியனின் வயது சுமார் 460 கோடி. நடுவில் கழிந்த 900 கோடி ஆண்டுகளில் நம் பால்வெளியின் வாயுவில் இரும்பு சிறுகச் சிறுகச் சேர்ந்தது. பூமிக்கு இரும்பு உட்கருவும், நம் ரத்தத்துக்குச் சிவப்பும், திருமழிசைப் பட்டறைகளுக்கு வேலையும் கிடைத்தது சூரியன் தாமதமாகப் பிறந்ததால்தான்.