ஏறுபரண்

மான்வேட்டை என்றவுடன் விரைந்தோடும் குதிரையும், குரைத்துத் துரத்தும் நாய்களும், வளைந்த வில்லும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயின், வில்லேந்தி மான்வேட்டையாடுவோர் மிகுந்துள்ள அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே அவ்வேட்டை பெரும்பாலும் ஓடுவதன்று, உட்காருவது. வேட்டையாளர் விடியுமுன் காட்டினுட் சென்று, ஒரு மரத்தின்மீது ஏறி, அசைவற்று அமர்ந்து, மான் தானே அருகில் வருங்காறும் பொறுத்திருக்கின்றார். அவர் ஏறுதற்கும் அமர்தற்கும் ஒருங்கே உதவுவதாய், தோளிற் சுமந்து செல்லத்தக்கதாய் ஒரு கருவி உண்டு. அதனை நாம் 'ஏறுபரண்' என்று அழைப்போம். அது எவ்வாறு அமைந்தது, எதனால் நிற்கின்றது, எப்பொழுது தவறுகின்றது என்பனவற்றை விளக்குதலே நமது நோக்கம். மானுக்கென்று மரமேறியவர் தாமே விழுந்து முதுகெலும்பு முறிதல் அந்நாட்டில் அரிதன்று; ஆதலின் இதனை அறிதல் வெறும் வேடிக்கையாகாது.

முதலில் அம்மானைப்பற்றிச் சிறிது கூறுவோம். அதற்கு வெண்வால் மான் என்று பெயர். அச்சமுற்றபொழுது அது தன் வாலை உயர்த்தும். வாலின் அடிப்புறத்து வெண்மை கொடிபோல் விளங்கும். வரம்பின்றிக் கொன்று விற்றமையால், 1900-ஆம் ஆண்டளவில் அந்நாடு முழுவதிலும் இம்மான்கள் ஏறக்குறைய 5 லட்சத்திற்கு மேல் இல்லாத நிலைமை நேர்ந்தது. பின்னர் வேட்டைக்குப் பருவமும், உரிமைச்சீட்டும், எண்ணிக்கையும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டன. 1937-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி துப்பாக்கி முதலியவற்றின்மேல் விதிக்கப்பட்ட வரி வனவிலங்குகளின் நலத்திற்கே செலவாயிற்று. 1972-இல் வில்லும் அம்பும் அவ்வரியின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. இன்று அம்மான்கள் ஏறத்தாழ 3 கோடி என மதிக்கப்படுகின்றன. அவற்றைத் தின்னும் ஓநாய் முதலியன பல இடங்களில் அற்றுப்போனமையால், மான்கள் அளவின்றிப் பெருகி, பயிரையும் இளமரங்களையும் அழிப்பதும், சாலைகளில் மோட்டார் வண்டிகளின்முன் பாய்ந்து விபத்து விளைப்பதும் உண்டு. இதனாலேயே அங்கே வேட்டை முற்றும் விலக்கப்படாமல், அளவிட்டு அனுமதிக்கப்படுகின்றது.

துப்பாக்கி இருக்க, வில் எதற்கு என்று வினவலாம். அவ்வில் மீண்டும் பெருமையுற்ற வரலாறு சுவையானது. 1911-இல் கலிபோர்னியாவில், யாஹி என்னும் பழங்குடியினருள் எஞ்சிய இஷி என்பவர் காட்டினின்றும் தனியராய் வெளிப்பட்டார். அவரிடம் வில்வித்தை பயின்ற டாக்டர் சாக்ஸ்டன் போப் என்பார், 1923-இல் அதனைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலால் பலர் வில்லின்மேல் விருப்பங்கொண்டனர். 1934-இல் விஸ்கான்ஸின் மாகாணம் வில்லுக்கென்றே தனியான மான்வேட்டைப் பருவம் ஒன்றை ஏற்படுத்திற்று. 1969-இல் மிசௌரி மாகாணத்தைச் சேர்ந்த ஹாலிஸ் ஆலன் என்பவர் உருளைகள் பொருத்திய புதுமுறை வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். இவ்வில்லில், முழுதும் இழுத்து நிறுத்தியபின் கையிற்படும் பாரம் பெரிதும் குறையும். ஆதலின் சாதாரண மனிதரும் நிதானமாய்க் குறிபார்த்தல் எளிதாயிற்று.

எனினும் எவ்வகை வில்லாயினும் அதன் எல்லை குறுகியது. துப்பாக்கியால் 200 கஜத்திற்கு அப்பாலும் சுடலாம். வில்லாளரோ பெரும்பாலும் 20 அல்லது 30 கஜத்துள் மான் வந்தாலன்றி அம்பு விடுவதில்லை. அவ்வளவு நெருக்கத்தில் மானை ஏமாற்றுதல் எளிதோ? அதன் மோப்பம் மிகக் கூரியது. கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்திருத்தலால், தன்னைச் சுற்றிலும் பெரும்பகுதியைத் தலை திருப்பாமலே அது காணும். செந்நிறத்தை நன்கு பிரித்தறியாதாயினும், சிறு அசைவையும் உடனே உணர்ந்துவிடும். வில்லை வளைப்பதோ கையும் தோளும் அசையாமல் நிகழாத காரியம்.

இவ்விடர்ப்பாட்டை ஒருவாறு தீர்ப்பது உயரமே. நிலத்தில் மேயும் விலங்கு தன் பகையை நிலமட்டத்திலேயே பெரிதும் தேடும். 15 முதல் 20 அடி உயரத்தில் இருப்பவரது அசைவு எளிதிற் புலப்படுவதில்லை. அவரது வாடையும் பெரும்பாலும் காற்றோடு மேலே சென்றுவிடும். ஆயினும் காற்று மாறினால் வாடை கீழிறங்கும். பழகிய மான் மேல்நோக்கவுங் கூடும். ஆதலின் மான் வரும் வழிக்குக் காற்று வீசாத பக்கத்திலுள்ளதாய், தம் உருவம் வானத்தை எதிர்த்துத் தோன்றாவண்ணம் பின்னே வேறு மரங்கள் நிற்பதாய் ஒரு மரத்தை அறிவுடையோர் தேர்வர்.

இனிக் கருவியின் அமைப்பைக் காண்போம். ஏறுபரண் இரண்டு உலோகச் சட்டங்களால் ஆயது. மேற்சட்டம் இருக்கை, கீழ்ச்சட்டம் பாதங்களை வைக்கும் தட்டு. ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிவளைக்கும் வடமோ பட்டையோ உண்டு. இரண்டையும் ஒன்றாய் மடித்து முதுகிற் சுமக்கலாம். மொத்த எடை பெரும்பாலும் 20 இராத்தல் அளவினது. ஏறுவோர் முதலில் இருக்கையை உயர்த்தி மரத்திற் பதியவைத்து, அதன்மேல் தம் பாரத்தை ஏற்றுவர். பின்னர்ப் பாதங்களோடு பிணித்துள்ள கீழ்த்தட்டைக் கால்களால் மேலே இழுத்துப் பதியவைத்து, அதன்மேல் எழுந்து நிற்பர். மீண்டும் இருக்கையை உயர்த்துவர். கம்பளிப்புழு கிளையில் ஊர்ந்தேறுவது போன்றதே இது. நம் பனையேறிகள் காலில் தளைநார் பூட்டி ஏறுவதைக் கண்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும். தென்னை ஏறுதற்கென நம் நாட்டில் வழங்கும் இருசட்டக் கருவிகளும் இவ்வகையினவே.

ஆணியின்றியும் முடிச்சின்றியும் இச்சட்டங்கள் மரத்தைப் பற்றி நிற்பது எங்ஙனம்? சட்டத்தின் பற்கள் மரத்தின் முன்புறத்தில் ஊன்றியிருக்க, வடம் பின்புறத்தை வளைத்திருக்கின்றது. சட்டத்தின் வெளிமுனையில் பாரம் ஏறியவுடன் அம்முனை கீழே தாழ முயல்கின்றது. அங்ஙனம் தாழ முயலுந்தோறும் வடம் பின்புறத்தை இறுக்கியிழுக்க, பற்கள் முன்புறத்தில் அழுந்துகின்றன. ஏறியவரின் பாரமே அவரைத் தாங்கும் பிடியாகின்றது. நெம்புகோலின் தத்துவம் இதுவே என்பதை நம் மாணாக்கர் அறிவர்.

இத்தத்துவத்தினின்றும் சில விதிகள் பிறக்கின்றன. மரம் நேராய், ஏறுமளவும் கிளையற்றதாய், உயிருள்ளதாய் இருத்தல் வேண்டும். பட்டை உரிந்து தொங்கும் மரத்திலும், பனி உறைந்த மரத்திலும் பற்கள் பிடிகொள்ளா. மேலும், மரம் அடியிற் பருத்து மேலே செல்லச்செல்லச் சிறுக்குமாதலின், வடத்தின் வளையம் உயரத்தில் தளர்ந்து சட்டத்தின் வெளிமுனை தாழும். ஆகவே நிலத்திற் பூட்டும்பொழுதே வெளிமுனை சற்று உயர்ந்திருக்குமாறு பூட்டவேண்டும். அப்பொழுதுதான் 20 அடி உயரத்தில் தட்டு சமமாய் அமையும். புதியவர்கள் இதனை மறந்து, பாதிவழியில் சரிந்த தட்டின்மேல் தடுமாறுவர்.

அபாயத்தின் மூலமும் இத்தத்துவத்திலேயே உளது. பாரம் உள்ளவரை பிடி உண்டு. பாரம் நீங்கினால் பிடியும் நீங்கும். ஏறும்பொழுதும் இறங்கும்பொழுதும் ஒவ்வொரு சட்டத்தையும் நாமே பாரம் நீக்கி, வெளிமுனையைத் தூக்கித் தளர்த்துகின்றோம். எனவே அசையாது அமர்ந்திருக்கும் நேரத்தினும், அசைந்துசெல்லும் நேரமே அதிக ஆபத்துடையது. இருக்கையில் அமர்ந்தவுடன் காப்புவாரைப் பூட்டிக்கொண்டால் போதும் என்று எண்ணுவோர், வேண்டிய வேளையில் அதனைப் பூட்டாது விடுகின்றனர். தோள், மார்பு, தொடை ஆகியவற்றை அணைக்கும் காப்புவாரை நிலத்தில் நிற்கும்பொழுதே அணிந்து, மரத்தைச் சுற்றிய கயிற்றோடு இணைத்து, ஏறுந்தோறும் அக்கயிற்றைத் தலைக்குமேல் நகர்த்தி, மீண்டும் நிலத்தைத் தொடுமளவும் கழற்றாதிருத்தலே முறை. இடுப்பில் மாத்திரம் கட்டும் பழைய கச்சை போதாது. விழுந்தவர் அதில் தொங்கினால் அது வயிற்றை நெருக்கி மூச்சைத் தடுக்கும். காப்புவாரிலும் நெடுநேரம் அசைவின்றித் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாம். ஆகலின் பாதத்தை ஊன்றுதற்கு ஒரு கண்ணிவாரும், உதவிக்கு அழைக்கும் வழியும் கைக்கெட்டும்படி இருத்தல் வேண்டும். இரு சட்டங்களையும் ஒரு வாரினாற் பிணித்தலும் இன்றியமையாதது. இல்லையேல் கீழ்த்தட்டு நழுவி விழ, ஏறியவர் இருக்கையில் தனியே தவிப்பர்.

வில்லைக் கையிற் பிடித்துக்கொண்டு ஏறுதல் பேதைமை. மேலே அமர்ந்து காப்பைச் சரிபார்த்தபின்னரே, கூர்முனைகளை மூடிய அம்புகளோடு வில்லைக் கயிற்றினால் மேலே இழுக்கவேண்டும். எந்தக் காட்டில், எந்த மரத்தில் இருப்போம், எப்பொழுது திரும்புவோம் என்பதை வீட்டாரிடம் சொல்லிச் செல்வதும் கடமை. இருட்டில், களைத்து, குளிரால் விறைத்த கைகளோடு இறங்கும் வேளையே மிகவும் எச்சரிக்கைக்குரியது.

உயரம் மானுக்கும் ஓர் அநீதி இழைக்கக்கூடும். அம்பு குண்டைப்போல் அதிர்ச்சியாற் கொல்லுவதன்று; கூரிய முனையால் இரத்தம் பெருகச்செய்தே கொல்லும். நுரையீரல் இரண்டையும் அது ஊடுருவினால் மான் விரைவில் உயிர்விடும். மிக உயரத்தினின்றோ, நேர்கீழே நிற்கும் மானின்மீதோ எய்தால், அம்பு செங்குத்தாய் இறங்கி ஒரு நுரையீரலை மாத்திரம் துளைக்கும். அம்மான் நெடுந்தூரம் ஓடி வருந்திச் சாகும். ஆதலின் நல்ல வில்லாளர் மான் சற்று விலகி, பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுப்பர். அந்நிலை வாய்க்காவிடின் வில்லைத் தளர்த்திவிடுவர். அம்பு விடாது இறங்கிவந்த நாளையும் அவர்கள் வீண்நாளாகக் கருதுவதில்லை.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான்வேட்டை குற்றம், அது நன்றே. வேட்டைக்கென இக்கருவி நமக்கு வேண்டுவதில்லை. ஆயின் பிழைப்பிற்காக நாள்தோறும் பனையும் தென்னையும் ஏறுவோர் நம்மிடையே வாழ்கின்றனர். கயிறின்றி ஏறி, விழுந்து, குடும்பத்தைக் கலங்கவைத்தோரும் உளர். பொழுதுபோக்கிற்காக மரமேறுவோர்க்கு வேண்டிய காப்பு, வயிற்றுப்பிழைப்பிற்காக ஏறுவோர்க்கு வேண்டாவோ? கருவி எதுவாயினும் விதி ஒன்றே: நிலத்தினின்று கால் எடுக்குமுன் கயிற்றைப் பூட்டுக, மீண்டும் நிலத்தில் கால் பதிந்தபின்னரே அதனைக் கழற்றுக. இதனை ஒரு மரமேறியின் காதிலேனும் நம் வாசகர் போடுவாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.