பழைய எஸ்யூவியை உயர்த்தும் முன்: இழந்த உயரம் உங்கள் உரிமை, கூடுதல் உயரம் உங்கள் பொறுப்பு

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய சஃபாரி, பொலேரோ, தார் வண்டிகளை வைத்திருப்பவர்கள் பட்டறையில் அடிக்கடி கேட்பது, "வண்டியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்க முடியுமா?" என்பதுதான். வேகத்தடையில் அடிப்பாகம் தட்டுகிறது, தோட்டத்துப் பாதையில் கல் இடிக்கிறது என்றால் கேட்கத்தான் தோன்றும். ஆனால் அவர்கள் தேடும் உயரத்தில் பெரும்பகுதி வண்டி புதிதாக வந்தபோதே இருந்தது. பாரம் தாங்கித் தாங்கி ஸ்பிரிங் தளர்ந்து, ரப்பர் புஷ்கள் நசுங்கி, வண்டி இறங்கிவிட்டது.

முதலில் அளந்து பாருங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை நான்கு சக்கரங்களிலும் டேப் வைத்து அளவெடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும். கிடைத்த அளவை கம்பெனி அளவோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் உங்கள் சேசிஸ் எண்ணுக்குரிய ஸ்பிரிங்கை இடது, வலது ஜோடியாக மாற்றுங்கள். ஷாக் அப்சார்பரையும் புஷ்களையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. இது பழுது நீக்கம்; யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

"கம்பெனி பார்ட்தானே சார், ஒன்றும் ஆகாது" என்று பட்டறையில் சொல்வார்கள். கனமான இன்னொரு மாடலுக்காகச் செய்த ஸ்பிரிங், கம்பெனி டப்பாவில் வந்தாலும் உங்கள் வண்டிக்கு அது கம்பெனி பார்ட் ஆகாது. அப்படி மாற்ற நினைத்தால் தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரிலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதும் வண்டியைப் பார்த்துத்தான் சான்று தருவார்கள்.

குறுக்கு வழியின் ஆபத்து

2020 வரை வந்த பழைய தார், பழைய சஃபாரி வண்டிகள் பலவற்றில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார் எனும் முறுக்குக் கம்பிதான். அதன் போல்ட்டை முறுக்கினால் அரை மணி நேரத்தில் மூக்கு நிமிர்ந்துவிடும், செலவும் குறைவு. ஆனால் கம்பெனி அளவைத் தாண்டி முறுக்கினால், பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது. ஒவ்வொரு குழியிலும் டங்கென்று இடிக்கும், பால் ஜாயின்ட் தேயும். 4x4 வண்டியில் முன் ஆக்ஸிலின் ரப்பர் பூட் கோணம் மாறிக் கிழியும்.

பின்பக்கத்து ஆபத்து கண்ணுக்கே தெரியாது. பல பழைய எஸ்யூவிகளில் சேசிஸையும் பின் ஆக்ஸிலையும் இணைத்து ஒரு சிறு கம்பி இருக்கும். பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வை இயக்குவது அதுதான். பின்புறத்தைத் தூக்கினால், வண்டி காலியாக இருப்பதாகக் கணக்கிட்டு அந்த வால்வு பிரேக்கைக் குறைத்துவிடும். குடும்பத்தோடு மலையிறங்கும்போது இதன் விலை தெரியும்.

எனவே எந்த வேலை முடிந்தாலும் வீல் அலைன்மென்ட், பிரேக் ஹோஸின் நீளம், இந்த வால்வு, ஹெட்லைட்டின் கோணம் நான்கையும் சரிபார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

ஏமாற்றப்பட்டால்

பார்ட் எண்ணும் விலையும் எழுதிய பில்லைக் கட்டாயம் வாங்குங்கள். பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. போலிப் பொருள், மோசமான வேலை இரண்டுக்கும் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

வண்டியில் செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தால் விபத்துக்குப் பின் இழப்பீடு குறையலாம், மறுக்கவும்படலாம். நியாயமின்றி மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தீர்வு வராவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை.

பட்டறைக்குப் போகும் முன் நான்கு சக்கரத்தின் அளவையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மெக்கானிக் முன்னிலையில் மறுபடி அளந்து, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நாளை ஆர்.டி.ஓ.விடமோ ஆணையத்திடமோ நிற்க நேர்ந்தால், உங்கள் பக்கம் பேசப்போகும் சாட்சி அந்தத் தாள்தான்.