ஓட்டு ஒரு பக்கம், விசில் ஒரு பக்கம்!
எம்.ஜி.ஆர். படத்துக்கு கியூவில் நின்ற எதிர்க்கட்சிக்காரர்கள்

எம்.ஜி.ஆர். படங்களுக்குச் சென்னை நகரம் கொடுத்த வரவேற்பு கொஞ்சநஞ்சம் அல்ல. மவுண்ட் ரோடு கேசினோ, பிளாசாவில் இருந்து புரசைவாக்கம் மேகலா, வண்ணாரப்பேட்டை மகாராணி வரை, புதுப்படம் வந்த நாளில் கியூ தெருமுனையைத் தாண்டும். தோரணம், மாலை, வெடி, கற்பூரம் என்று திருவிழாதான்.

அப்படிப்பட்ட சென்னை 1977 ஜூன் மாதம் என்ன செய்தது தெரியுமா?

எம்.ஜி.ஆர். முதல்-அமைச்சரான அதே சட்டசபைத் தேர்தலில், நகரத்தின் பெரும்பாலான தொகுதிகளைத் தி.மு.க.வுக்குக் கொடுத்தது!

மாநிலம் முழுவதும் இரட்டை இலை அலை. அ.தி.மு.க.வுக்கு 130 இடம். தலைநகரம் மட்டும் அசையவில்லை. அண்ணாநகரில் கருணாநிதி ஜெயித்தார். ராமாவரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, எம்.ஜி.ஆர். போய் நின்று ஜெயித்தது அருப்புக்கோட்டையில்.

"அப்படின்னா தியேட்டர்ல விசிலடிச்சவங்க எல்லாம் எங்கேய்யா போனாங்க?"

எங்கேயும் போகவில்லை. இங்கேயேதான் இருந்தார்கள். படத்துக்கு ஒரு கணக்கு, ஓட்டுக்கு ஒரு கணக்கு என்று இரண்டு நோட்டு வைத்திருந்தார்கள். கடைக்காரர் கைக்கணக்கையும் வரவு-செலவுக் கணக்கையும் தனித்தனியாக வைத்திருப்பதுபோல!

கதர்ச் சட்டைக்குள் ஒரு ரசிகர்

எம்.ஜி.ஆர். தி.மு.க.வில் சேர்ந்தது 1953-ல். அதற்கு முன் அவரே கதர் கட்டிய காங்கிரஸ் அனுதாபி. சேர்ந்த பிறகு கட்சியை மறைத்து வைக்கவில்லை. வெள்ளித்திரையிலேயே கொடி ஏற்றினார்.

1958-ல் அவர் சொந்தமாகத் தயாரித்து, டைரக்ட் செய்து, இரட்டை வேடத்தில் நடித்த படம் "நாடோடி மன்னன்". படம் தொடங்கும்போதே எம்ஜியார் பிக்சர்ஸ் சின்னம் வரும். ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் தி.மு.க. கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கொட்டகை அதிரும்.

அந்த நேரத்தில் காங்கிரஸ்காரர் பாடு திண்டாட்டம். பக்கத்து நாற்காலிக்காரன் எழுந்து நின்று கத்துவான். இவர் வேட்டி நுனியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வார். கொடி போனதும் நிமிர்ந்து உட்கார்வார்.

தெரிந்தவர் யாராவது இடைவேளையில் பார்த்துவிட்டால் வந்தது வம்பு.

"இன்னா நாயக்கரே, நீங்களுமா?"

"படம் பார்க்கத்தானேய்யா வந்தேன், கட்சியில சேரவா வந்தேன்? வீட்ல கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க..."

பழி எப்போதும் வீட்டுக்காரம்மா தலையில்தான்!

கத்திக்குக் கட்சி கிடையாது

எதற்காக இத்தனை சங்கடப்பட்டுக்கொண்டு போனார்கள்? முதல் காரணம் சண்டை.

எம்.ஜி.ஆர். சிறுவயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி நாடகத்தில் வளர்ந்தவர். உடம்பைத் தேற்றி, கத்தியும் கம்பும் பழகியவர். "சர்வாதிகாரி" (1951) படத்தில் நம்பியாரோடு போட்ட வாள் சண்டையைப் பார்த்தவர்கள் ஆயுசுக்கும் மறக்கவில்லை. "தாய்க்குப்பின் தாரம்" (1956) படத்தில் காளையை அடக்கினார். "பெரிய இடத்துப் பெண்" (1963) படத்தில் சிலம்பம் சுற்றினார். "ரிக்‌ஷாக்காரன்" (1971) படத்தில் ரிக்‌ஷாவை ஓட்டிக்கொண்டே அடியாட்களைப் பந்தாடினார்.

இந்த அடியில் எந்தக் கட்சியும் இல்லை. ஏழையின் நிலத்தைப் பிடுங்குகிறவன், பெண்ணிடம் வம்பு செய்கிறவன், தொழிலாளி கூலியை அமுக்குகிறவன்தான் அடி வாங்கினான். அவன் கதர் கட்டியிருந்தாலும் கறுப்புச் சட்டை போட்டிருந்தாலும் பார்க்கிறவனுக்குச் சந்தோஷம் ஒன்றுதான்.

பகலெல்லாம் மேலதிகாரியிடம் "சரிங்க சார்" சொன்ன குமாஸ்தாவும், வட்டிக்காரனுக்குப் பயந்து கடைப் பலகையைப் பாதி மூடிய வியாபாரியும், மாலைக் காட்சியில் அந்த ஒரு குத்துக்காகத்தான் காத்திருந்தார்கள். சாட்டை நம்பியார் முதுகில் விழும்போது மனசில் விழுந்தது வேறு யார் முதுகிலோ!

"எங்க வீட்டுப் பிள்ளை" (1965) படம் அப்படி ஓடியதற்கு இதைவிட வேறு ரகசியம் இல்லை. அடிவாங்கிப் பயந்து சாகும் பிள்ளை ஒருவன், திருப்பி அடிக்கும் பிள்ளை ஒருவன், இரண்டும் எம்.ஜி.ஆர். பார்க்கிறவர்கள் வீட்டில் முதல் பிள்ளை மாதிரி இருந்தார்கள். இரண்டாவது பிள்ளை மாதிரி இருக்க ஆசைப்பட்டார்கள்.

இன்னொன்று: திரையில் அவர் சிகரெட் பிடிப்பதில்லை, குடிப்பதில்லை, அம்மா சொல்லைத் தட்டுவதில்லை. "சினிமாவா? காலை ஒடிச்சுப்புடுவேன்" என்ற வீட்டிலும் எம்.ஜி.ஆர். படத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

ஒரே படத்தில் பல கட்சி

படம் எடுத்தவர்களும் ஒரே கட்சிக்காரர்கள் இல்லை என்பதுதான் வேடிக்கை.

"மலைக்கள்ளன்" (1954) கதை நாமக்கல் கவிஞருடையது. அவர் பழுத்த காந்தியவாதி. வசனம் கருணாநிதி. கதாநாயகன் எம்.ஜி.ஆர். காங்கிரஸ் கதைக்குத் தி.மு.க. வசனம்! அந்தப் படத்துக்குத்தான் ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

எம்.ஜி.ஆருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டுகளை எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் கம்யூனிஸ்டு. எம்.ஜி.ஆரை வைத்து 16 படம் எடுத்த சாண்டோ சின்னப்பா தேவர், நெற்றி நிறைய விபூதி பூசிய முருக பக்தர். பகுத்தறிவுக் கட்சியின் நட்சத்திரம் முருக பக்தரின் கம்பெனியில் வேலை செய்தார். இரண்டு பேருக்கும் லாபம்; ஜனங்களுக்குப் படம்.

எம்.ஜி.ஆரும் சளைத்தவர் இல்லை. தி.மு.க.வில் இருந்துகொண்டே 1965-ல் காமராஜர் பிறந்தநாள் விழாவில் பேசியபோது, காமராஜர் தன் தலைவர் என்றும் அண்ணா தன் வழிகாட்டி என்றும் சொல்லிவிட்டார். கட்சிக்குள் பெரிய சலசலப்பு!

அந்த நாலணா எங்கே போச்சு?

இத்தனையும் சரி. ஆனால் எதிர்க்கட்சி ரசிகரை ராத்திரி தூங்கவிடாத கேள்வி ஒன்று உண்டு.

படம் வெறும் படமாகவா இருந்தது? "சக்கரவர்த்தித் திருமகள்" (1957) படத்தில் கதாநாயகன் பெயரே உதயசூரியன். சட்டையில் கறுப்பு-சிவப்பு. பாட்டில் சூரியன். "அன்பே வா" (1966) பாட்டில் தணிக்கைக்காரர்கள் சூரியனுக்கு முன்னால் இருந்த வார்த்தையை மாற்றச் சொல்ல வேண்டி வந்தது. மாற்றினார்கள். கொட்டகையில் இருந்தவனுக்குப் பழைய வார்த்தைதான் காதில் விழுந்தது!

1967 ஜனவரி 12. எம்.ஆர். ராதாவின் துப்பாக்கிக் குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. மறுநாளே "தாய்க்குத் தலைமகன்" ரிலீஸ். அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டோடு கைகூப்பிய படம் சுவரெல்லாம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். காங்கிரஸ் ஆட்சி போயிற்று. விருதுநகரில் காமராஜரே தோற்றார்.

அன்றைக்குக் காங்கிரஸ் ரசிகர்கள் மனசு என்ன பாடு பட்டிருக்கும்? "நாம கொடுத்த நாலணாவும் சேர்ந்துதானே நம்ம தலைவரைக் கவுத்துது?"

இதற்குச் சமாதானம் சொல்வது லேசு இல்லை. டிக்கெட் காசுக்கு அடையாளம் கிடையாது. அவரைப் பெரிய மனிதர் ஆக்கிய கூட்டத்தில் கதர்ச் சட்டைகளும் இருந்தன. எம்.எஸ்.எஸ். பாண்டியன் என்ற ஆய்வாளர் 1992-ல் எழுதிய புத்தகத்தில், திரையில் கண்ட பிம்பத்தை நம்பியதற்கு ஏழைகள் பெரிய விலை கொடுத்தார்கள் என்றே வாதாடினார்.

கட்சி மாறியது, கியூ மாறியதா?

1972 அக்டோபரில் எல்லாம் தலைகீழ். தி.மு.க. எம்.ஜி.ஆரை வெளியேற்றியது. 17-ந் தேதி அ.தி.மு.க. பிறந்தது.

இப்போது சங்கடம் தி.மு.க.காரருக்கு! இருபது வருஷம் "வாத்தியார்" என்று கொண்டாடியவரை ஒரே ராத்திரியில் எப்படி மறப்பது? வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றலாம். மனசில் இருப்பதை?

1973 மே 11-ந் தேதி "உலகம் சுற்றும் வாலிபன்" வந்தது. ஜப்பானில் நடந்த எக்ஸ்போ-70 கண்காட்சியில் போய் எடுத்த படம். படம் வெளிவந்தால் சேலை கட்டிக்கொள்வதாக மதுரை மேயர் முத்து சவால் விட்டது ஊரறிந்த கதை. படம் வந்தது, சென்னை தேவி பாரடைஸ் முதல் பட்டிதொட்டி வரை சக்கைப்போடு போட்டது. அதே முத்து பின்னாளில் எம்.ஜி.ஆர். கட்சிக்கே வந்து சேர்ந்தார்!

ஒன்பதே நாளில் திண்டுக்கல் இடைத்தேர்தல். புதுக்கட்சியின் மாயத்தேவர் ஜெயித்தார். ஆளும் தி.மு.க.வுக்கு மூன்றாவது இடம்.

"பார்த்தியா? படம் பார்த்தவன் எல்லாம் ஓட்டுப் போட்டுட்டான்!" என்றார்கள். அவசரப்பட்டுச் சொன்னார்கள். சென்னை என்ன செய்தது என்பதை 1977-ல் பார்த்தோமே.

சிவாஜிக்கும் இதே கதை

மறுபக்கமும் இப்படித்தான். "பராசக்தி" (1952) படத்தில் கருணாநிதி வசனம் பேசி வந்த சிவாஜி கணேசன் பிறகு காங்கிரஸ் பக்கம் போனார். தி.மு.க.காரர் அந்த வசனத்தை ஒப்பிப்பதை விட்டாரா? விடவில்லை. கடவுள் இல்லை என்று மேடையில் பேசிவிட்டு வந்தவரும் "திருவிளையாடல்" (1965) படத்தில் சிவாஜியின் நடையைப் பார்த்து ரசித்தார்.

அதே சிவாஜி சொந்தக் கட்சி தொடங்கி 1989-ல் திருவையாற்றில் நின்றபோது ஜனங்கள் தோற்கடித்தார்கள். நடிப்புக்குக் குறை வைக்கவில்லை. ஓட்டை மட்டும் கொடுக்கவில்லை.

கவிஞரும் முதல்-அமைச்சரும்

இந்த விஷயத்தில் பெரிய ஆசான் கண்ணதாசன். "மதுரை வீரன்" படத்துக்கு வசனம், எத்தனையோ எம்.ஜி.ஆர். படங்களுக்குப் பாட்டு. 1961-ல் தி.மு.க.வை விட்டு விலகி, பிறகு காங்கிரசுக்குப் போனார். எம்.ஜி.ஆரைக் காரசாரமாகத் தாக்கி எழுதினார்.

1978-ல் முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். அரசவைக் கவிஞராக யாரை நியமித்தார்? தன்னைத் திட்டிய கண்ணதாசனையே! திட்டு திட்டாக இருந்தது. பாட்டு பாட்டாக இருந்தது.

ஆட்சியில் வேறு மார்க்

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு ஜனங்கள் வேறு மார்க் போட்டார்கள். 1978-ல் வந்த "மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்" அவருடைய கடைசிப் படம். அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது ஆட்சியைத்தான்.

1979-ல் பிற்படுத்தப்பட்டோர் சலுகைக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு கட்டினார். 1980 ஜனவரி பாராளுமன்றத் தேர்தலில் 39 இடத்தில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது வெறும் 2. கொட்டகைகளில் அவர் பழைய படங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன!

பாடம் படித்தார். வரம்பை நீக்கி, இட ஒதுக்கீட்டை 31 சதவீதத்தில் இருந்து 50 ஆக்கினார். பிப்ரவரியில் மத்திய அரசு அவர் ஆட்சியைக் கலைத்தது. மே மாதத் தேர்தலில் அதே ஜனங்கள் 129 இடம் கொடுத்துத் திரும்ப உட்கார வைத்தார்கள். நாலு மாசத்தில் இரண்டு தீர்ப்பு. விசிலில் மயங்கியவன் போடுகிற ஓட்டா இது?

1980 நவம்பரில் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தார். வேலை போனவர்கள் குடும்பத்தில் சாபம். 1982-ல் சத்துணவுத் திட்டம். பிள்ளைகள் சாப்பிட்ட குடும்பத்தில் வாழ்த்து. திரையில் மதுவைத் தொடாதவர் ஆட்சியில் 1981-ல் மதுவிலக்கு விலகியது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. படத்தில் பார்த்த மனிதரையும் கோட்டையில் இருந்த மனிதரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை ஓட்டர் தலையில்தான் விழுந்தது.

இருட்டு இரண்டு

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24-ந் தேதி மறைந்தார். 1965-ல் வந்த "ஆயிரத்தில் ஒருவன்" 2014 மார்ச்சில் புதுப்பொலிவோடு திரும்ப வந்தபோது, சென்னையில் 175 நாளைத் தாண்டி ஓடியது. நம்பியாரோடு வாள் சண்டை. கொட்டகையில் அதே ஆரவாரம். உள்ளே வந்தவரிடம் "நீ எந்தக் கட்சி?" என்று கேட்டு டிக்கெட் கிழிக்கவில்லை.

2005-ல் விஜயகாந்த் கட்சி தொடங்கியபோதும், 2024-ல் விஜய் தொடங்கியபோதும் டீக்கடைகளில் அதே பழைய கேள்விதான்: "கட்சி பிடிக்கலைன்னா படம் பார்க்கலாமா?"

சென்னைக்காரர் 1977-லேயே பதில் சொல்லிவிட்டார். கொட்டகை இருட்டில் விசிலடித்தது யார் என்று யாருக்கும் தெரியாது. வாக்குச்சாவடி மறைப்புக்குள் எங்கே குத்தினார் என்றும் தெரியாது. இந்த இரண்டு இருட்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளாத வரைக்கும், அடுத்த சண்டைக் காட்சிக்குத் தாராளமாகக் கை தட்டலாம்!