தொண்டுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி

பிறருக்கு உதவி செய்வதற்கு இரக்கமுள்ள உள்ளம் இருந்தால் போதாதா? அதற்கென்று ஒரு கல்லூரியும் பாடத்திட்டமும் பரீட்சையும் வேண்டுமா? சமூகப் பணி படிக்கப் போகிறேன் என்று ஒரு மாணவி வீட்டில் சொன்னால், "அதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று பாட்டி கேட்பதுண்டு. பாட்டியின் கேள்வி அறியாமையால் எழுந்ததன்று. வாசலில் பசியோடு வந்து நின்றவனுக்குச் சோறிட அவர் எந்தப் பள்ளிக்கும் போனதில்லை. ஆகவே அக்கேள்விக்கு மரியாதை கொடுத்தே விடை தேட வேண்டும். 1918-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஒரு பெண்கள் கல்லூரி அதற்கு விடை காண முற்பட்டது. அந்த முயற்சியைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அதற்கு முந்திய நிலையைச் சிறிது பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெருநகரங்களில் தர்ம சங்கங்கள் பல தோன்றின. வசதியுள்ள குடும்பங்களைச் சேர்ந்த பெண்மணிகள் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று நிலைமையை விசாரித்து, உதவி பெறத் தக்கவர் இன்னார், தகாதவர் இன்னார் என்று பிரித்தார்கள். பாத்திரமறிந்து பிச்சையிடு என்று நாம் சொல்லுவதை ஒரு நிர்வாக முறையாகவே அங்கே அமைத்துவிட்டார்கள் எனலாம். உதவியைவிட உபதேசம் அதிகமாகக் கொடுக்கப்பட்டது. சிக்கனமாக இரு, குடியை விடு, குழந்தைகளைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தால் ஒரு குடும்பம் திருந்திவிடுமா? திருந்தாதபோது குற்றம் யாருடையது? அந்தச் சங்கங்களில் வேலை செய்துவந்த மேரி ரிச்மண்ட் என்ற அம்மையார், 1897-இல் டொராண்டோவில் நடந்த ஒரு மாநாட்டில், இவ்வேலைக்கு முறையான பயிற்சிப் பள்ளி வேண்டுமென்று வற்புறுத்தினார். மறு ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடை வகுப்பு ஒன்று தொடங்கியது.

பள்ளிகள் தோன்றிய பின்னும் ஐயம் தீரவில்லை. 1915-இல் பால்டிமோர் நகரில் கூடிய தேசிய மாநாட்டில் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் பேசினார். அவர் சாமானியரல்லர். 1910-இல் அவர் எழுதிய அறிக்கையின் விளைவாக அமெரிக்காவில் தரம் குறைந்த மருத்துவப் பள்ளிகள் பல மூடப்பட்டன. அப்படிப்பட்டவர், சமூகப் பணி ஒரு தொழில்முறைத் துறையா என்ற கேள்வியை எழுப்பி, இன்னும் இல்லை என்று விடை சொன்னார். நோய்க்கு மருத்துவர் இருக்கிறார், வழக்குக்கு வக்கீல் இருக்கிறார். சமூகப் பணியாளர் இவர்களிடம் ஆளை அனுப்பிவைக்கும் இடையாளரே தவிர, அவருக்கென்று தனித்த நுட்பம் ஏதுமில்லை என்பது அவர் வாதம். கேட்டவர்களுக்கு இது உறைத்தது. உறைத்ததோடு நிற்காமல் வேலையும் செய்யத் தூண்டியது. ரிச்மண்ட் அம்மையாரின் 'சமூக நிதானம்' என்று நாம் சொல்லத்தக்க பெருநூல் 1917-இல் வெளிவந்தது. ஒரு குடும்பத்தின் நிலையை எவ்வாறு விசாரிப்பது, கிடைத்த செய்திகளை எவ்வாறு நிறுத்துப் பார்ப்பது என்பவற்றை அது விரிவாக ஆராய்ந்தது.

அதே 1917-இல் அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் இறங்கியது. போர்முனையிலிருந்து திரும்பியவர்களில் ஒரு சாரார் உடம்பில் காயமில்லாமலே நோயுற்றிருந்தார்கள். கை நடுக்கம், பேச்சிழப்பு, உறக்கமின்மை, காரணமில்லாத அச்சம் ஆகியவை அவர்களை வாட்டின. பீரங்கிக் குண்டுகளின் அதிர்ச்சியால் வந்தது என்று கருதி இதற்கு 'ஷெல் ஷாக்' என்று பெயரிட்டார்கள். இவர்களைக் கவனிக்க மருத்துவர்கள் மட்டும் போதமாட்டார்கள் என்பதை உணர்ந்தவர்களுள் ஒருவர் மேரி ஜாரட். பாஸ்டன் மனநோய் ஆஸ்பத்திரியில் சமூக சேவைப் பிரிவின் தலைவியாக இருந்தவர். அவ்வாஸ்பத்திரியின் இயக்குநர் டாக்டர் எல்மர் சதர்டுடன் சேர்ந்து, மனநோயாளியின் வீட்டையும் வேலையையும் சுற்றத்தையும் ஆராயும் ஒரு பணிமுறையை அவர் உருவாக்கி வந்தார்.

இதற்கான பயிற்சியை நடத்த இடம் கொடுத்தது ஸ்மித் கல்லூரி. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்தாம்ப்டன் என்ற சிற்றூரில், சோபியா ஸ்மித் என்ற அம்மையார் எழுதிவைத்த உயில் சொத்தைக் கொண்டு 1875-இல் திறக்கப்பட்ட பெண்கள் கல்லூரி அது. அப்போது அதன் தலைவராக இருந்த வில்லியம் ஆலன் நீல்சன் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். பிற்காலத்தில் வெப்ஸ்டர் அகராதியின் பெரும்பதிப்புக்குப் பொறுப்பாசிரியராக இருந்தவர். மனநோய்க்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கோடை விடுமுறையில் கல்லூரிக் கட்டடங்கள் காலியாக இருந்தன. நாட்டுக்கு ஒரு தேவை இருந்தது. இரண்டையும் இணைக்க அவர் மனம் இசைந்தது. 1918 கோடையில் முதல் வகுப்பு கூடியது.

இனி அப்பயிற்சியின் அமைப்பைக் கவனியுங்கள். முதலில் எட்டு வாரம் கல்லூரியில் வகுப்பு. மனோதத்துவம், சமூக இயல், மனநோய்களின் தன்மை, தனிநபர் சமூகப் பணியின் முறைகள் ஆகியவற்றை அங்கே கற்றார்கள். பிறகு நூல்களை மூடிவைத்துவிட்டு, பெருநகர ஆஸ்பத்திரிகளுக்குச் சென்று பல மாதங்கள் அங்கேயே வேலை செய்தார்கள்.  பின்னாளில் இம்முறை நிலைபெற்றபோது, கோடை வகுப்புகளுக்கு இடையே ஒன்பது மாதம் களத்தில் என்று அமைந்தது. வகுப்பறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நூற்றுக்கணக்கான மைல் தூரம் இருக்கக்கூடும். ஆகவே களத்தில் இருக்கும்போது மாணவிக்கு ஆசிரியர் எல்லாம் அங்குள்ள மேற்பார்வையாளரே. மாணவி ஒருவரைச் சந்தித்து வந்தவுடன் அவர் சொன்னது என்ன, தான் சொன்னது என்ன என்று நினைவிலிருந்து எழுதுவாள். மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, அவளை உட்காரவைத்துப் பேசுவார். இப்பயிற்சியின் உயிர்நாடி இதுவே என்பது என் கருத்து. விரிவுரையைப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். தான் பேசிய பேச்சைத் தானே திரும்பக் கேட்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது.

ஓர் உதாரணத்தைக் கற்பனையாகச் சொல்லுகிறேன். படையிலிருந்து திரும்பிய இளைஞன் ஒருவன் வேலைக்குப் போக மறுக்கிறான். தாய் அழுகிறாள். அவனைப் பார்க்க ஒரு மாணவி செல்லுகிறாள். அவள் உள்ளத்தில் இரக்கம் நிறைய இருக்கிறது. "நீங்கள் தைரியமாக இருக்க வேண்டும், உங்கள் தாய்க்காகவாவது வேலைக்குப் போங்கள்" என்று கனிவோடு சொல்லிவிட்டு வருகிறாள். அவன் தலையசைக்கிறான். அடுத்த வாரம் அவள் சென்றபோது கதவைத் திறக்கவில்லை. தவறு எங்கே? மேற்பார்வையாளர் கேட்கிறார்: "அவர் எந்த வேலைக்குப் போக அஞ்சுகிறார்?" மாணவி அதைக் கேட்கவேயில்லை. பின்னர் விசாரித்தால், முன்பு அவன் வேலை செய்த ஆலையில் இயந்திரங்களின் பேரிரைச்சல் அவனுக்குப் போர்முனையை நினைவூட்டுகிறது என்று தெரியவருகிறது. இரைச்சலற்ற வேறு வேலை தேட வேண்டும். மருத்துவருக்குச் செய்தி சொல்ல வேண்டும். சோம்பேறி என்று எண்ணி மனம் வருந்தும் தாய்க்கு விளக்க வேண்டும். முதல் நாள் காட்டிய இரக்கம் பொய்யன்று. ஆனால் அது அவனைப் பார்க்கவில்லை. தன் கடமையை மட்டும் பார்த்தது.

முதல் வகுப்பு மாணவிகள் பயிற்சியை முடிக்கும் முன்பே, 1918 நவம்பர் 11-இல் போர் நின்றுவிட்டது. எதற்காகப் பள்ளி தொடங்கப்பட்டதோ அந்தக் காரணம் மறைந்ததுபோல் தோன்றியது. உண்மையில் துன்பம் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தது. போர்வீரர் ஆஸ்பத்திரிகளில் சமூகப் பணியாளர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் அமர்த்தியது. 1920-களில் குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்களைக் கவனிக்கும் நிலையங்கள் பல நகரங்களில் தோன்றின. ஸ்மித் பள்ளி நிலையான பள்ளியாயிற்று.

பெண்கள் கல்லூரியில் இது நடந்ததற்கு வேறொரு பொருளும் உண்டு. தொண்டு செய்வது பெண்ணின் பிறவிக் குணம் என்று சொல்லுவது பெண்ணைப் புகழ்வதுபோல் இருக்கும். அப்புகழ்ச்சியின் உள்ளே ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. பிறவிக் குணமானால் பயிற்சி எதற்கு? பயிற்சி இல்லாத வேலைக்கு நல்ல சம்பளம் எதற்கு? படித்துப் பழகிப் பெற வேண்டிய திறமை இது என்று காட்டியதன் மூலம், அந்தக் கல்லூரி தன் மாணவிகளுக்கு ஒரு தொழிலைத் தேடித் தந்தது. பின்னர் அப்பள்ளியில் ஆண்களும் சேர்ந்தார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அந்த முதல் வகுப்பிலே பயின்றவர் பெர்த்தா ரேனால்ட்ஸ். பின்னர் அப்பள்ளியிலேயே துணை இயக்குநராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். 1942-இல் அவர் வெளியிட்ட நூலில், ஒருவர் இக்கலையைக் கற்கும்போது கடந்துசெல்லும் ஐந்து கட்டங்களை விவரித்திருக்கிறார். தொடக்கத்தில் மாணவிக்குத் தன் நினைவே பெரிதாக இருக்கும். என்ன பேசுவது, என்னைப்பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கவலையில் எதிரே இருப்பவர் கண்ணில் படமாட்டார். அடுத்து, தண்ணீரில் விழுந்தவர் கைகாலை அடித்துக்கொண்டு மிதப்பதுபோல் எப்படியோ சமாளிப்பாள். மூன்றாவது கட்டமே சங்கடமானது. இப்போது எதிரிலிருப்பவரின் நிலை நன்றாகப் புரிகிறது. ஆனால் புரிந்ததற்கு ஏற்பத் தன் செயலை நடத்தும் ஆற்றல் இன்னும் வரவில்லை. பேசக் கூடாது என்று தெரிந்துகொண்டே பேசிவிடுவாள். வீணை பயில்பவருக்கு, சுருதி பிசகியது காதுக்குத் தெரிகிறது, விரல் மட்டும் கேட்கமாட்டேன் என்கிறதல்லவா? அதுபோன்ற நிலை. இதில் நீண்ட காலம் நிற்க வேண்டியிருக்கும். அதைக் கடந்தால் ஓரளவு தேர்ச்சி. அதற்கும் அப்பால், தான் பெற்றதைப் பிறருக்குக் கற்பிக்கும் திறன். மருத்துவரோ ஆசிரியரோ ஆக விரும்பும் மாணவர்களும் இந்த ஐந்தைத் தம் படிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ரேனால்ட்ஸின் கதை அங்கே முடியவில்லை. ஒருவரின் மனத்தை மட்டும் ஆராய்ந்தால் போதாது, அவர் வாங்கும் கூலியையும் வாழும் சமூகத்தையும் கேள்வி கேட்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். பணியாளர்களின் தொழிற்சங்கத்தையும் ஆதரித்தார். பள்ளி நிர்வாகத்தோடு கருத்து வேற்றுமை வளர்ந்து, 1938-இல் விலகினார். 1943 முதல் 1947 வரை, கப்பல் தொழிலாளர் சங்கத்தில் மாலுமிகளுக்கு உதவும் பணியில் இருந்தார். அங்கே உதவி கேட்டு வந்தவர்கள் கூனிக் குறுகி நிற்கவில்லை. தங்கள் சங்கம், தங்கள் உரிமை என்று வந்தார்கள். உதவி பெறுவதால் மானம் போக வேண்டியதில்லை என்பதை அவர் கண்டது அந்த மாலுமிகளிடம். இப்பாடத்தை எந்த வகுப்பும் அவருக்குக் கற்பித்ததாகத் தெரியவில்லை. ஆயினும் பிறர் பேச்சைக் கேட்கும் பயிற்சி இல்லாதவர் அதைக் கண்டிருப்பாரா என்பதும் ஐயமே.

நம் நாட்டில் இப்படிப்பு 1936-இல் பம்பாயில் டாட்டா அறநிலையத்தின் ஆதரவில் தொடங்கியது. அமெரிக்கரான கிளிஃபர்ட் மான்ஷார்ட் அதை நடத்தினார். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952-இல் சமூகப்பணிப் பள்ளி ஏற்பட்டது. ஸ்டெல்லா மாரிஸ் போன்ற மகளிர் கல்லூரியிலும் இப்பாடம் கற்பிக்கப்படுகிறது. இங்கே பெரும்பாலும் களப்பணிக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்குவது வழக்கம். நேற்று வகுப்பில் கேட்டதை இன்று ஆஸ்பத்திரியிலோ குடிசைப் பகுதியிலோ பரிசோதிக்கலாம் என்பது இதன் லாபம். ஒரே இடத்தில் ஊன்றி நிற்க முடியாதது இதன் நஷ்டம். அறிக்கை எழுதும் வேலை மட்டும் இரு முறைகளுக்கும் பொது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காலை முழுவதும் நின்றுவிட்டுப் பஸ்ஸில் வீடு திரும்பும் மாணவி, இரவில் உட்கார்ந்து நான்கைந்து பக்கம் எழுதுகிறாள். மறு வாரம் அது திரும்பி வரும்போது, "இதற்கு அந்த அம்மாள் என்ன பதில் சொன்னார்?" என்று ஓரத்தில் ஒரு கேள்வி இருக்கும். விடை தெரியவில்லையென்றால், அடுத்த களப்பணி நாளில் அவள் மீண்டும் அந்த வார்டுக்குப் போக வேண்டும்.