தந்தையாரின் கைக்கடிகாரம்



முன்னோர் விட்டுச் சென்ற பொருளொன்று பழுதுற்றுக் கிடக்கிறது. அதைப் புதியதுபோல் ஆக்குவதா, பழமை மாறாமல் காப்பதா? இவ்வினாவுக்கு எனக்கு விடை கற்பித்தது ஒரு கைக்கடிகாரம்.

என் தந்தையார் கள்ளக்குறிச்சியில் ஆசிரியராக இருந்தவர். 1955-ஆம் ஆண்டில், பல மாதம் சிறுகச் சேர்த்த பணத்தில், ஃபேவர் லூபா என்னும் ஸ்விட்சர்லாந்துக் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கினார். 1737-இல் தோன்றிய அந்நிறுவனத்தின் கடிகாரங்கள் 1865 முதலே நம் நாட்டில் விற்பனையாகி வந்தன. பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை எழுந்தது 1961-இல்தான். ஆகவே, அந்நாளில் ஓர் ஆசிரியரின் கையில் அத்தகைய கடிகாரம் பெருஞ்செல்வமே. நாள்தோறும் காலையில் அதற்குச் சாவி கொடுத்து, வானொலி அறிவிக்கும் நேரத்தோடு ஒப்பிட்ட பின்னரே அவர் பள்ளிக்குப் புறப்படுவார்.

தந்தையார் மறைந்தபின் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன், மறந்தும் போனேன். ஓய்வு பெற்றபின் எடுத்துப் பார்த்தேன். சாவி கொடுத்தும் முள் அசையவில்லை. கண்ணாடி மங்கியிருந்தது; முகப்பில் நான்கு மணி எண்ணருகே பழுப்பு நிறக் கறை படிந்திருந்தது. கடைத்தெருவில் நெடுங்காலமாகக் கடிகாரம் பழுது பார்த்துவரும் முதியவர் ஒருவரிடம் கொடுத்து, "முகப்புக்குப் புதுவண்ணம் பூசி, கூட்டையும் பளபளப்பாக்கித் தாருங்கள்" என்றேன்.

அவர் உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்தி நெடுநேரம் நோக்கினார். பின்பு, "வாத்தியார் ஐயா, இதை விற்கப் போகிறீர்களா?" என்று வினவினார். இல்லை என்றேன். "அப்படியானால் உள்ளே மட்டும் பார்க்கிறேன். முகப்பைத் தொட வேண்டாம்" என்றார்.

உள்ளே நிகழ்வது யாது? நாம் சாவி கொடுக்கும்போது எஃகுச் சுருள்வில் ஒன்று இறுகுகிறது. அது மெல்ல அவிழும் விசை பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அவ்விசை ஒரேயடியாக வெளியேறிவிடாமல், அளந்து அளந்து விடுவது சமனிச் சக்கரம். மயிரிழை போன்ற மெல்லிய சுருளொன்று அச்சக்கரத்தை ஊசலாடச் செய்கிறது. இவ்வமைப்பை 1675-இல் உலகறியச் செய்தவர் ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ். இத்தகைய பழைய கடிகாரங்கள் பல நொடிக்கு 5 முறை துடிக்கும். அதாவது, ஒரு நாளில் 4,32,000 துடிப்புகள். அச்சுகள் தேயாதிருக்கச் செயற்கை மாணிக்கக் கற்களில் அவற்றைப் பொருத்துவர். மிகுந்த கடினமுடையது அக்கல்.

எங்கள் கடிகாரத்தில் எதுவும் முறியவில்லை. பயன்படாது கிடந்ததால் எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது, அவ்வளவே. பெரியவர் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தூய்மை செய்து, கற்களில் ஊசிமுனையளவு எண்ணெய் வைத்து, மீண்டும் பூட்டினார். கடிகாரம் உயிர் பெற்றது. நாளொன்றுக்கு அரை நிமிடம் பிந்துகிறது. 86,400 நொடிகளில் 30 நொடிப் பிழை, பொறுத்துக்கொள்ளத் தக்கதே.

முகப்பைத் தொடாமைக்கு ஒரு காரணம் அறிவியல் சார்ந்தது. அக்காலக் கடிகாரங்கள் பலவற்றின் முட்களிலும் எண்களிலும் இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். கியூரி தம்பதியர் 1898-இல் கண்டறிந்த ரேடியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். ஒளி மங்கிப் போவது உடன் கலந்த துத்தநாக சல்பைடு சிதைவதாலேயே. ரேடியம் தீர்ந்துவிடுவதால் அன்று. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகை முனையை உதட்டால் கூராக்கி அவ்வண்ணம் தீட்டிய இளம்பெண்கள் பலர், 1920-களில் தாடையெலும்பு அழுகி மாண்டனர். எனவே, பழைய கடிகாரத்தை வீட்டில் திறந்து சுரண்டுதல் கூடாது. அத்துகளை மூச்சில் இழுத்தல் பெருந்தீங்கு.

மற்றொரு காரணம் அந்தக் கறை. கல்வராயன் மலையில் பிறந்து சமவெளிக்கு வருவது கோமுகி ஆறு. தந்தையார் ஒருமுறை வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து மாணவர்களின் விடைத்தாள் கட்டுடன் நடந்து இறங்கும்போது, மழைநீர் பெருகிய காட்டோடையில் கால் இடறியது. வலக்கையால் கட்டினை உயரத் தூக்கிப் பிடித்தார். இடக்கையால் நீருக்குள் பாறையைப் பற்றிக்கொண்டார். தாள்கள் நனையவில்லை, கடிகாரம் மூழ்கியது. வீட்டுக்கு வந்தவர் முதலில் தாள்களை எண்ணிப் பார்த்தார் என்று அன்னையார் சொல்வார். அக்கறையைத்தான் நான் புதுவண்ணத்தால் மறைக்க முனைந்தேன்!

செப்பனிடுதல் வேறு, புதிதாக்குதல் வேறு. ஓடாததை ஓடச் செய்வது செப்பனிடுதல். வாழ்ந்த அடையாளத்தை அழிப்பது அதனுள் அடங்காது. உங்கள் இல்லத்திலும் ஒரு பழங்கடிகாரம் இருக்கலாம். அதனைத் துலக்கும் முன், அதன் கீறல் ஒவ்வொன்றும் எப்படி வந்ததென்று வீட்டுப் பெரியோரிடம் கேளுங்கள். கேட்கத்தக்கவர் இருக்கும்போதே கேளுங்கள். நான் என் தந்தையாரிடம் கேட்காமல் விட்டவை பல.