கடல் இல்லாத அரியலூரில் ஓர் ஓதம்: கரைவெட்டிக்குப் பறவை பார்க்க எப்போது போகலாம்?

சென்னையில் வேலை பார்க்கும் பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் சிலருக்குப் பறவை பார்க்கும் ஆசை அங்கேதான் தொற்றியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பள்ளிக்கரணை, இல்லாவிட்டால் முட்டுக்காடு உப்பங்கழி, அடையாறு முகத்துவாரம். கொஞ்சம் பழகியவர்கள் கிளம்புவதற்கு முன் போனில் ஓத அட்டவணை பார்ப்பார்கள். கடல் நீர் வற்றும் நேரத்தில் சேறு வெளியே தெரியும், சேறு தெரிந்தால் உள்ளான்கள் இறங்கும். இதுதான் கணக்கு.

அதே ஆள் பொங்கலுக்குக் குரும்பலூர் வந்து இறங்கினால் பைனாக்குலர் பையைவிட்டு வெளியே வராது. "நம்ம ஊர்ல என்ன இருக்கு? கடலா, கழியா?"

கடல் இல்லை என்பது நிஜம்தான். ஆனால் குரும்பலூரிலிருந்து பெரம்பலூர், அரியலூர், கீழப்பழுவூர் என்று பைக்கில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போனால் கரைவெட்டி. 453.72 ஹெக்டேர் ஏரி. 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரி 31-ஆம் தேதி, உலக ஈரநில நாளுக்கு (பிப்ரவரி 2) சற்று முன்பாக, இந்தியாவின் ஐந்து இடங்கள் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அறிவிப்பு வந்தது. அதில் கரைவெட்டியும் ஒன்று. நீலகிரியின் லாங்வுட் சோலைக்கும் அன்றுதான் அந்த அங்கீகாரம். இங்கே 198 வகைப் பறவைகள் பதிவாகியிருப்பதாக அப்போது அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது.

198 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு சனிக்கிழமை போய், நடு ஏரியில் கரும்புள்ளிகளாக நாலு நாமக்கோழியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. தப்பு பறவைகள் மேல் இல்லை. போன தேதிதான் தப்பு.

வருஷத்துக்கு ஒரே ஓதம்

கடலோரக் கழியில் சுமார் ஆறு மணி நேரம் நீர் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும். காலையில் தவறவிட்டால் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். கரைவெட்டியிலும் ஓதம் உண்டு. வருஷத்துக்கு ஒன்றுதான். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை ஏற்றம், ஜனவரியிலிருந்து கோடை வரை வற்றம். இந்த ஓதத்தை நடத்துவது நிலா இல்லை, மேட்டூர்.

காவிரித் தண்ணீர் மேட்டூரிலிருந்து முக்கொம்புப் பக்கம் வந்து, அங்கே புள்ளம்பாடி வாய்க்காலில் பிரிகிறது. திருச்சி, அரியலூர் மாவட்டங்களில் சுமார் 22,000 ஏக்கருக்குப் பாசனம் தரும் வாய்க்கால் அது. வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை தண்ணீர் விடுவார்கள். வழியில் இருக்கும் ஏரி, குளங்களை நிரப்பிக்கொண்டே வந்து கரைவெட்டியையும் நிரப்பும். ஐப்பசி, கார்த்திகை மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். (பழந்தமிழில் 'புள்' என்றால் பறவை. புள்ளம்பாடி என்ற பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, பறவைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலுக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது.)

பொதுவாக நினைப்பது என்ன? ஏரி நிறைந்தால் பறவை நிறையும் என்று. "ஏரி ரொம்பிடுச்சு, வாங்க போகலாம்" என்று வாட்ஸ்அப்பில் படம் வரும். ஆனால் கரை தளும்பும் ஏரி பல பறவைகளுக்கு உபயோகமில்லாத ஏரி.

வலசை வரும் வாத்துகளில் பெரும்பாலானவை முங்கி இரை தேடுகிறவை அல்ல. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, கிளுவை, நாமத்தலை வாத்து எல்லாம் தண்ணீர் மேல் மிதந்தபடி தலையை மட்டும் உள்ளே விட்டு, வாலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மேய்கிறவை. கழுத்து எட்டும் ஆழம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டு மேசை. முழங்கால் ஆழத்துக்கு மேல் போனால் அடியில் இருக்கும் விதையும் பூச்சியும் எட்டாது. உள்ளான்களுக்கு இன்னும் குறைவாக வேண்டும், விரல் நனையும் ஈரம் போதும். நெடுங்கால் உள்ளானுக்குக் கால் நீளம், அது கொஞ்சம் உள்ளே போகும். நத்தைகுத்தி நாரைக்கு நத்தை கிடைக்கும் சேறு வேண்டும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முக்குளிப்பானும்தான் ஆழத்துக்கு அஞ்சாதவை.

ஏரி தளும்பி நிற்கும் டிசம்பர் தொடக்கத்தில் இந்த வாத்துகளில் பாதி சுற்றுவட்டார நெல் வயல்களில் இருக்கும், பார்க்க வந்தவர் ஏரிக்கரையில் இருப்பார். வயலுக்குத் தண்ணீர் பாய்ந்து மட்டம் இறங்க இறங்க, ஓரத்தில் ஒரு சேற்று வளையம் தெரியத் தொடங்கும். அந்த வளையம் நாளுக்கு நாள் அகலமாகும். தினமும் புதிதாகக் கொஞ்சம் சேறு திறந்துகொண்டே இருப்பதால் இரையும் புதிதாகக் கிடைத்துக்கொண்டே இருக்கும். கடலோரத்தில் ஆறு மணி நேரத்தில் நடப்பது இங்கே இரண்டு, மூன்று மாதத்தில் நடக்கிறது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை என்று பறவை பார்ப்பவர்கள் சொல்வது இதனால்தான். பொங்கல் லீவு சரியாக நடுவில் விழுகிறது, அது நம் அதிர்ஷ்டம்.

இமயம் தாண்டி வரும் விருந்தாளி

கரைவெட்டிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பட்டைத்தலை வாத்து. வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டைகள், யாரோ மார்க்கர் பேனாவால் இழுத்துவிட்டது போல. இரண்டு, மூன்று கிலோ எடை இருக்கும். மங்கோலியா, திபெத், சீனாவின் சிங்காய் பீடபூமி ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே இறங்கும். அது வந்து தங்கும் தென்கோடி இடங்களில் கரைவெட்டியும் திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளமும் முக்கியமானவை.

இடையில் இமயமலை. இந்த வாத்துகளின் முதுகில் சிறு கருவி பொருத்தி விஞ்ஞானிகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். ஆனால் எப்போதும் அவ்வளவு உயரத்தில் அது பறப்பதில்லை என்பதுதான் சுவாரஸ்யம். 2015-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது, அது மலையின் ஏற்ற இறக்கத்தோடு தானும் ஏறி இறங்கிப் பறக்கிறது என்று. ஒருமுறை ஏறிய உயரத்தை விட்டுவிடாமல் அப்படியே போவதுதானே மிச்சம் என்று நமக்குத் தோன்றும். மெல்லிய காற்றில் சிறகடிக்கப் பலம் அதிகம் செலவாகும், பள்ளம் வந்தால் இறங்கி அடர்ந்த காற்றில் பறப்பதுதான் லாபம் என்பது வாத்தின் கணக்கு. அதன் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினும் மற்ற வாத்துகளைவிட ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும் தன்மை கொண்டது.

இவ்வளவு தூரம் வந்த பறவை பகலில் ஏரியில் ஓய்வெடுக்கும், பொழுது சாய்ந்ததும் புல் மேயவும் அறுப்பு முடிந்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கவும் போகும். அதாவது ஏரி அதற்குப் படுக்கையறை, சாப்பாடு விவசாயியின் நிலத்தில். சரணாலயத்தின் எல்லைக்கல் அதற்குத் தெரியாது.

யாருடைய தண்ணீர்?

விஷயம் இங்கேதான் கனமாகிறது. கரைவெட்டி இயற்கையாக உருவான சதுப்பு நிலம் இல்லை. பாசன ஏரி. நெல், கரும்பு, பருத்தி, மக்காச்சோளம் எல்லாம் இதன் தண்ணீரை நம்பி இருக்கின்றன. சுற்றுப்புறக் கிணறுகளுக்கும் இதுதான் ஊற்று. மதகைத் திறப்பது பயிருக்காக, பறவைக்காக அல்ல. அப்படி இருக்கும்போது பறவை வந்ததே பயிருக்குத் தண்ணீர் விட்டதால்தான். வற்றம் நடந்தால்தான் சேறு, சேறு இருந்தால்தான் இரை. "விவசாயி தண்ணீரை எடுத்துவிடுகிறார், பறவை பாவம்" என்று நகரத்திலிருந்து வரும் அனுதாபம் பாதிதான் சரி. வேடந்தாங்கலிலும் இதே உறவுதான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்ட ஊர்க்காரர்கள், பறவைகளைச் சுடக் கூடாது என்று கேட்டு 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் எழுத்தில் உறுதி வாங்கினார்கள்.

சிக்கல் வருவது தண்ணீர் வராத வருஷத்தில். வந்தாலும் காலம் தப்பி வரும் வருஷத்தில். 2023-ல் மேட்டூரை வழக்கமான ஜூன் 12-ஆம் தேதியே திறந்தார்கள். காவிரியில் வரத்து இல்லாமல் அக்டோபரிலேயே மூட வேண்டியதாயிற்று. மறுவருஷம் திறப்பே ஜூலை 28-க்குத் தள்ளிப்போனது. அந்த மாதக் கடைசியில் வெள்ளம் வந்து அணை 120 அடியைத் தொட்டது வேறு கதை. கர்நாடகத்தில் மழை, இரண்டு மாநிலப் பேச்சு, அணையின் மட்டம் என்று எங்கெங்கோ நடக்கும் காரியங்கள் கரைவெட்டியின் சேற்று வளையம் ஜனவரியில் எவ்வளவு அகலம் என்பதை முடிவு செய்கின்றன.

ராம்சார் அங்கீகாரம் வந்தால் இதெல்லாம் மாறிவிடுமா? இல்லை. ராம்சார் என்பது 1971 பிப்ரவரி 2-ல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தம். இந்தியா 1982-ல் சேர்ந்தது. இடத்தின் ஈரநிலத் தன்மையைக் கெடுக்காமல் 'அறிவோடு பயன்படுத்துவோம்' என்று நாடு தரும் வாக்கு அது. பாசனத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பட்டியலில் ஏறியதால் மேட்டூரிலிருந்து தனியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் வராது. தண்ணீர் திறப்பு அறிவிப்புகளில் பேசப்படுவது எப்போதும் பாசன ஏக்கர்தான். ஏரிக்குள் வேட்டையையும் ஆக்கிரமிப்பையும் தடுக்கும் பலம், சரணாலயமாக அறிவித்த வனச் சட்டத்திலிருந்து வருகிறது.

ஆகவே கரைவெட்டிக்கு ராம்சார் பலகை வைத்ததோடு, கடைசி மூன்று மாதம் ஏரியில் குறைந்தபட்சம் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்பதையும் விவசாயிகளோடு உட்கார்ந்து பேசித் தீர்மானித்தால்தான் அந்தப் பலகைக்குப் பொருள் இருக்கும். படகுச் சவாரியும் செல்ஃபி பாயிண்டும் பிறகு வரட்டும். வராமலே இருந்தாலும் வாத்துகள் கோபித்துக்கொள்ளாது.

போகிறவர்களுக்கு

கூகுள் மேப்பில் தேடும்போது ஒரு எச்சரிக்கை. கரைவெட்டிக்குப் பக்கத்து ஏரியின் பெயர் வேட்டக்குடி. வேட்டங்குடி என்று தட்டினால் சிவகங்கை மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விடும். அதுவும் பறவைகள் சரணாலயம்தான், தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் என்று செய்தியில் வருவது அந்தப் பக்கம். நல்ல இடம், ஆனால் நீங்கள் கிளம்பியது அங்கே இல்லை.

காலை ஆறரைக்குக் கரையில் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் தண்ணீர் மேல் காற்று நெளியும், லென்ஸில் எல்லாம் கலங்கலாகத் தெரியும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிற கரையாகப் பாருங்கள், இல்லாவிட்டால் 198 வகையும் கறுப்பாகத்தான் தெரியும். பைனாக்குலரில் 8x42 என்று எழுதியிருப்பது போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன் கண்ணாடி. பத்து, பன்னிரண்டு மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகும். போன் கேமரா இங்கே எடுபடாது. ட்ரோன் வேண்டவே வேண்டாம். ஒருமுறை மிரண்டு எழும்பினால் வாத்துக் கூட்டம் முழுவதும் ஏரியை நாலு சுற்று சுற்றும். மார்ச் வாக்கில் இமயம் ஏறுவதற்குச் சேர்த்து வைக்கிற கொழுப்பு அப்படித்தான் கரையும்.

முதலில் தேட வேண்டியது பறவையை அல்ல, தண்ணீர் முடிகிற கோட்டை. சேறும் நீரும் சேரும் அந்தக் கோட்டின் மேல் பைனாக்குலரை மெதுவாக நகர்த்துங்கள். உள்ளான்கள் அங்கே இருக்கும். கொஞ்சம் உள்ளே வால் தூக்கி நிற்பவை வாத்துகள். ஆம்பல் இலை மேல் நடப்பது இலைக்கோழி. எல்லாம் திடீரென்று ஒரே நேரத்தில் கிளம்பினால் மேலே பாருங்கள், சேற்றுப் பூனைப்பருந்து வந்திருக்கும்.

பார்த்ததை எண்ணி இ-பேர்டு செயலியில் போடலாம். பொங்கலை ஒட்டி நாலு நாள் தமிழ்நாடு முழுக்க 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' 2015 முதல் நடக்கிறது. ஒரே இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிஷம் நின்று, பார்த்த அத்தனையையும் எழுதினால் போதும். பட்டியலோடு ஏரியில் தண்ணீர் எந்த அளவில் இருந்தது என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிற்காலத்தில் மேட்டூர்த் தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த வரிதான் உதவும்.

திரும்பும்போது நேரம் இருந்தால் அரியலூர் சாலையில் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய, கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் நத்தைகளும் கிளிஞ்சல்களும் அங்கே கல்லாக இருக்கின்றன. குரும்பலூருக்குக் கிழக்கே, காரைப் பக்கத்துச் செம்மண் மேடுகளிலும் அதே கடலின் மிச்சம்தான். இங்கேயும் ஒருகாலத்தில் நிஜமான ஓதம் ஏறி இறங்கியிருக்கிறது.